மூன்றாம் எண் கூண்டு

மண்டபத்தில் ஐஸ் ஃபேக்டரிக்கு மேல்மாடி.
ஆறு நாற்காலி, ஒரு இன்வெர்ட்டர்,
கட்டி உடைக்கும்போதெல்லாம் அதிரும் தரை.
இங்கிருந்துதான் சிங்கப்பூரில்
யாரோ ஒருவரின் சட்டை
எந்தச் சலவைக்கடையில் காய்கிறது என்று
அவருக்குத் தெரியச் செய்கிறோம்.

இரண்டு வாரத்துக்கொரு வெள்ளிக்கிழமை
சென்னைக்கு ஒரு எண் அனுப்ப வேண்டும்.
முப்பத்தொன்று. முப்பத்தாறு. நாற்பத்தேழு.
கோடு ஏறுவதைப் பார்த்து
அங்கிருந்து கைதட்டும் பொம்மை வரும்.
நாற்பத்தேழு எப்படி வந்தது என்று
எங்கள் ஆறு பேருக்கும் தெரியும்:
போன மாதம் மூன்று புள்ளி என்ற வேலையை
இந்த மாதம் ஐந்து என்றோம்.
யாரும் பொய் சொல்லவில்லை.
ஈரத்தோடு தராசில் வைத்த இறால் மாதிரி
எடை தானாகக் கொஞ்சம் கூடிக்கொண்டது.

ரம்ஸியாவின் பெயருக்கு நேரே இரண்டு.
வெறும் இரண்டு.
அந்தப் பதினைந்து நாளும் அவள்
முருகவேலின் நாற்காலிக்குப் பக்கத்தில்
பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.
ஸ்டூலுக்குப் புள்ளி கிடையாது.
"இந்தப் பொண்ணு என்னதான் செய்யுது?"
என்று சென்னை கேட்டபோது
என் மைக் அணைந்திருந்தது.
நான்தான் அணைத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் நெட் செத்துக் கிடந்தது.
பாம்பனில் கூண்டு ஏற்றியிருந்தார்கள், மூன்றாம் எண்.
டிக்சன் ஜன்னலில் நின்றபடி சொன்னான்:
"மூணுன்னா கடல் பெயிலுன்னு யாரும் சொல்றதில்லக்கா.
ரெண்டை விட நல்லா செஞ்சிருக்குன்னும் சொல்றதில்ல.
பாக்குறாங்க, போட்டை இழுத்துக் கட்டுறாங்க."

மறுநாள் அவன் புள்ளிகளை விட்டுவிட்டுத்
தேதிகளை எடுத்தான்.
ஒவ்வொரு அட்டையும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி,
நடுவில் எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் கிடந்தது.
ஒரு வேலைக்குப் பதினொரு நாள்.
அதில் கை பட்டது இரண்டரை.

போட்டுகளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தோம்.
அவை தூக்குப்பாலத்துக்கு முன்னால்
நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தன.

பாலம் எது என்று தேடினோம்.
'சரிபார்ப்பு' என்ற கட்டம்.
பதினான்கு அட்டை.
பதினான்கிலும் ஒரே பெயர்:
ஜெனோவா.
நான்.

முதலில் சிரிப்பு வந்தது.
பிறகு காது சூடானது.
எல்லோருடைய எண்ணையும் தினம் பார்த்தவள்
என் மேஜை வரைக்கும் வந்து நின்ற
வரிசையின் தலையைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு விதி, சாக்பீஸில், பீரோக் கதவில்:
சரிபார்ப்பில் மூன்றுக்கு மேல் நிற்கக் கூடாது.
நான்காவது வந்தால் புதிதாக எதையும் தொடாமல்
யாராவது ஒன்றை அவிழ்த்துவிட வேண்டும்.
"அப்ப நான் சும்மா உக்காரணுமாக்கா?"
முருகவேல் ஒரு வாரம் முனகினான்.
உட்கார்ந்தான்.
பிறகு அவனே போய் அந்த ஸ்டூலை இழுத்தான்.

மாசியில் பதினொன்று ஐந்தானது.
அதே மாசியில் நாற்பத்தேழு முப்பத்தெட்டானது;
இறாலை உதறிவிட்டு நிறுத்தோம், அவ்வளவுதான்.
சென்னையிலிருந்து ஒரு வரி:
வேகம் ஏன் குறைந்தது?
மூன்று முறை பதில் எழுதி அழித்தேன்.
பாலமும் கூண்டும் அந்தப் படிவத்தின்
கட்டத்துக்குள் அடங்கவில்லை.
கடைசியில் 'ஐந்து நாள்' என்று மட்டும் போட்டேன்.
அதோடு ஸ்டூலைப் பற்றி ஒரு வரி, ரம்ஸியா பெயரோடு.
பதில் இல்லை. பொம்மையும் வரவில்லை.

கீழே கட்டி உடைக்கிறார்கள்.
சரிபார்ப்பில் இப்போது இரண்டு அட்டை.
ஒன்று நேற்று வந்தது.
இன்னொன்று என்னுடையது,
டிக்சன் மேஜையில், நான்கு நாளாக.
இன்னும் கேட்கவில்லை.